ஒரு நூலகத்தின் பாகப்பிரிவினை

பெல்ஜியத்தின் லூவன் நகருக்கும் லூவேன்-லா-நோவ் நகருக்கும் இடையிலான தொலைவு, நேர்கோட்டில் அளந்தால், 25 கிலோமீட்டரைத் தாண்டாது. இரண்டாவது பெயர் பிரெஞ்சு. அதன் பொருள் 'புதிய லூவன்'. 2025 கோடையில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் உள்ளூர் ரயிலில் இரண்டு தோழியர் பயணம் செய்தனர். ஒருத்தி தில்லியில் மொழியியல் ஆய்வு செய்பவள். முதுகுப்பை ஒன்றுடன் மூன்று வாரம் ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்ற வந்தவள். மற்றவள் அவளோடு முதுகலை படித்தவள். நான்கு ஆண்டுகளாக லூவனில் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள்.

புறப்படுமுன் தோழி அவளைப் பல்கலைக்கழக நூலகத்திற்கு அழைத்துச் சென்றாள். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை லூவனின் பழைய நூலகத்தைக் கொளுத்தியபோது ஏறத்தாழ 3 இலட்சம் நூல்கள் சாம்பலாயின. அமெரிக்க நன்கொடையில் வேறோர் இடத்தில் எழுந்த புதிய கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. பொருள் தந்த பள்ளி, கல்லூரிகளின் பெயர்கள் இன்றும் அதன் கற்களில் உள்ளன. 1940 மே மாதத்தில் அதுவும் எரிந்தது. இம்முறை அழிந்தவை சுமார் 9 இலட்சம். சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இதுவரை சொல்லும். அதற்குப் பிறகு நிகழ்ந்ததை, வாயிற்படியில் அமர்ந்து தோழி சொன்னாள்.

1425இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில் இருபதாம் நூற்றாண்டில் டச்சு, பிரெஞ்சு என இரு பிரிவுகள் இயங்கின. 1962–63இல் மொழி எல்லை சட்டப்படி வரையறுக்கப்பட்டபோது லூவன் டச்சு மொழிப் பகுதியில் உறுதியாக அமைந்தது. பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டுமென்று பிளெமிஷ் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். பல்கலைக்கழகத்தின் ஒருமையைக் காக்க 1966இல் ஆயர்கள் விடுத்த அறிக்கை எதிர்ப்பை வளர்க்கவே செய்தது. 1968 பிப்ரவரியில் இச்சிக்கலில் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பாதி, எல்லைக்குத் தெற்கே விளைநிலத்தில் தனக்கென ஒரு நகரத்தையே கட்டிக்கொண்டு குடியேறியது. நூல்களும் பங்கிடப்பட்டன. பாகப்பிரிவினைக்குக் கிடைத்த அளவுகோல் அடுக்கு எண்: ஒற்றைப்படை ஒருவருக்கு, இரட்டைப்படை மற்றவருக்கு.

பயணி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, பிளெமிஷ் மாணவர்களின் பக்கமே பேசினாள். அதற்குக் காரணம் இருந்தது. 1830இல் பிறந்த அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்திற்கு 1967 வரை அதிகாரபூர்வமான டச்சு வடிவம் இல்லை. கென்ட் பல்கலைக்கழகம் 1930இல்தான் முழுமையாக டச்சு வழிக்கு மாறியது. வீட்டில் பேசும் மொழி நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் மதிக்கப்பட வேண்டுமென்று கேட்டவர்களை எப்படிக் குறை சொல்வது? தோழி மறுக்கவில்லை. "ரயிலில் பேசுவோம், வா" என்று மட்டும் சொன்னாள்.

ரயில் ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு தெற்கே செல்கிறது. டச்சில் அந்த ஆறு டெய்ல, பிரெஞ்சில் தில். சிந்த்-யோரிஸ்-வேர்த் என்ற நிலையத்திற்கும் அடுத்துள்ள பெக்ரோவுக்கும் இடையில் மொழி எல்லை கடந்துபோகிறது. வேலியில்லை, சோதனைச் சாவடியில்லை. அறிவிப்பின் மொழி மட்டும் மாறுகிறது. "என் நான்காண்டு டச்சு இந்த இடத்தில் செல்லாக்காசு. இனி உன் பிரெஞ்சுதான் நமக்குத் துணை" என்றாள் தோழி.

பெக்ரோவில் வண்டி நின்றபோது அவள் இன்னொன்றையும் சொன்னாள். 2001 மார்ச் 27 அன்று, பயணிகள் இல்லாத ரயில் ஒன்று வாவ்ர் நிலையத்திலிருந்து சிவப்பு விளக்கை மீறிப் புறப்பட்டு, எதிர்த்திசைக்குரிய தண்டவாளத்தில் ஓடியது. வாவ்ரின் சமிக்ஞைப் பணியாளர் லூவனிலிருந்த பணியாளரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் பேசியது பிரெஞ்சு. மற்றவர் பேசியது டச்சு. எச்சரிக்கை புரியவில்லை. லூவனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு அது பெக்ரோவில் நேருக்கு நேர் மோதியது. எட்டுப் பேர் இறந்தனர்.

சிறிது நேரம் கழித்துப் பயணி சொன்னாள்: "இது நிர்வாகத்தின் தோல்வி, மொழியின் மேல் பழி போட முடியாது."

"அந்த நிர்வாகம் மொழியின் பெயரால்தானே இரண்டாய் நின்றது?" என்று கேட்டாள் தோழி.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. மொழி எல்லைகளை வரைபடத்தில் குறிப்பது மொழியியல் மாணவர்களுக்குப் பழகிய வேலை. அந்தக் கோட்டின் இருபுறமும் மனிதர்கள் தொலைபேசியை எடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பாடத்திட்டங்கள் அரிதாகவே நினைவூட்டுகின்றன.

ஒத்திஞியைக் கடந்து, பகல் பொழுதில் லூவேன்-லா-நோவ் வந்தது. மேலே நடப்பவர்களுக்கான வீதிகள், கீழே வாகனங்கள் என்று கட்டப்பட்ட நகரம். 1972இல் இங்கு மாணவர் வரத் தொடங்கினர். அக்காலத்தில் அறிவியல் நூலகமாக எழுந்த கான்கிரீட் கட்டடம் 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. தோழிக்கு அன்று நூலகத்தில் வேலை இருந்தது. அவள் ஆராயும் பழைய இலக்கண ஆசிரியரின் ஒரு நூல் லூவனில் இருக்கிறது, மற்றொன்று இங்கே. முன்பே கேட்டுவைத்திருந்த நூல் மேசைக்கு வந்தது. தலைப்புப் பக்கத்தில் பிரியாத பல்கலைக்கழகத்தின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. மாலை வரை குறிப்பெடுத்தாள், ஆங்கிலத்தில். அவளுடைய ஆய்வேடும் ஆங்கிலத்தில்தான். எந்த இரு மொழிகளுக்காக ஒரு நூலகம் பிரிந்ததோ, அவை இரண்டும் அந்த ஆய்வேட்டில் மேற்கோள்களாக மட்டுமே இடம்பெறும்.

இதனால் பிளெமிஷ் மக்களின் கோரிக்கை தவறாகிவிடாது. மொழிவாரி மாநிலங்கள் கண்ட இந்தியாவிலிருந்து வந்த பயணிக்கு அது நன்றாகத் தெரியும். தன் மொழியில் கற்கும் உரிமையைச் சட்டம் தரலாம், தந்தாக வேண்டும். அண்டை வீட்டாரின் மொழியில் 'வண்டியை நிறுத்து' என்ற அளவுக்கேனும் பேசத் தெரிந்துகொள்ளும் கடமையை அந்தச் சட்டத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளாத சமூகம், உரிமையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

2025ஆம் ஆண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுமே தங்கள் 600ஆம் ஆண்டைக் கொண்டாடின. நூல்களைப் பங்கிட ஒற்றையும் இரட்டையும் உதவின. 1425 என்ற ஆண்டை மட்டும் இரு வீட்டாரும் முழுதாகவே வைத்துக்கொண்டனர்.