விளிம்பும் அடியும்

போடியில் ஏலக்காய் தரம் பார்த்துப் பழகிய கண் முதலில் தேடுவது பச்சையைத்தான். மலைக்காயை ஸ்டோரில் சூடும் காற்றோட்டமும் அறிந்து உலர்த்தினால் பச்சை நிற்கும். சூடு எகிறினால் நிறம் போய்விடும். அந்தக் கண்ணோடுதான் சீனத்து ஒற்றை நிறப் பீங்கானுக்கு வந்தேன். பூ, கொடி, டிராகன் எதுவும் வரையாமல், ஒரே நிறத்தில் மெருகிட்டுச் சுட்ட கலங்கள் அவை. குறையை மறைக்கச் சித்திரம் கிடையாது என்பதாலேயே அவற்றின் மேல் எனக்கு மரியாதை.

அங்கேயும் நிறத்தை முடிவு செய்வது காற்றுதான். செஜியாங் மாகாணத்து லாங்சுவான் சூளைகளின் மெருகுக் கலவையில் இரும்பு கொஞ்சமே உண்டு. 1,200 டிகிரி சூட்டில் காற்றை அடைத்து எரித்தால் அது பச்சையாகும். காற்று புகுந்தால் பழுப்பு மஞ்சளாகிவிடும். செம்பு இன்னும் அடங்காதது. காற்றை அடைத்தால் சிவக்கும், காற்றுப் பட்டால் பச்சைக்குத் திரும்பும். காங்சி பேரரசர் காலத்து (1662–1722) பீச் பழ நிறச் சிறு கலங்களில் சிவப்பினூடே தெரியும் பச்சைத் திட்டுகள் அப்படி வந்தவை. உலகத்தில் இதைவிட அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை.

கலம் கைக்கு வந்தால் வயிற்றுப் பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விளிம்பு, பிறகு அடி. செம்புச் சிவப்பில் மெருகு கீழே வழிந்து, வாய் விளிம்பு வெளுத்து நிற்கும். லாங்சுவான் கலத்தில் மெருகு படாத அடிவளையம் பெரும்பாலும் செங்கல் சாயல் காட்டும். வெயில் நேரே விழாத திண்ணையில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் எல்லாப் பச்சையையும் ஒன்றாக்கிவிடும்.

அரண்மனைக் கலம் நம் பக்கம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது என்றே சொல்வேன். உள்ளும் புறமும் மஞ்சளான கிண்ணம் சிங் வம்சத்து அரண்மனையில் பேரரசிக்கு உரியது. அடுத்த நிலை அரசிக்கு வெளிப்புறம் மட்டுமே மஞ்சள். அப்படிக் கணக்குப் பார்த்துக் கொடுத்த பொருள் சந்தைக்கு எளிதில் வராது. கலத்தின் அடியில் இருக்கும் ஆறெழுத்து அரச முத்திரையோ பின்னாளில் ஏராளமாகப் போலி செய்யப்பட்டது. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. 1892-இல் பம்பாயில் பிறந்த சேகரிப்பாளர் பெர்சிவல் டேவிட்கூட பெய்ஜிங் வரை போய் அரண்மனைக் கலங்கள் வாங்கினார். அவர் சேர்த்த ஏறத்தாழ 1,700 கலங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் கரைக்கு வந்தது வணிகச் சரக்கு. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் வரலாற்றாய்வாளர்கள் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் 1980-களில் ஆராய்ந்த சீனச் சில்லுகளில் 13, 14-ஆம் நூற்றாண்டு லாங்சுவான் பச்சையும் உண்டு. முழுக்கலத்தைவிடச் சில்லு அதிகம் கற்றுத்தரும். உடைந்த ஓரத்தில் ஓட்டின் நிறமும் மெருகின் தடிப்பும் தெரியும். லென்ஸ் வைத்தால் பச்சையை மென்மையாக்கும் நுண்குமிழ்களும் தெரியும். நான் படித்தது செட்டிநாட்டு வீடொன்றில் உடைந்த தட்டின் ஓட்டில்தான். கடற்கரை ஊர்களில் மண்மேல் கிடக்கும் சில்லை நான் எடுப்பதில்லை, கொண்டுவந்து நீட்டுபவரிடம் வாங்குவதுமில்லை. எந்த மண்ணில் எதனோடு கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் ஆய்வாளருக்கு அதில் பாதிதான் மிஞ்சும்.