பட்டாளம் என்றால் எத்தனை பேர்?

எங்கள் பக்கத்தில் யாராவது ராணுவத்தில் சேர்ந்தால் "பட்டாளத்துக்குப் போயிருக்கான்" என்றுதான் சொல்வார்கள். ரிட்டயராகி வந்தவர் பெயர் காலம் முழுவதும் "பட்டாளத்துக்காரர்". ஆனால் பட்டாளம் என்பது மொத்த ராணுவம் இல்லை. "பட்டாலியன்" என்ற சொல்தான் நம் வாயில் பட்டாளம் ஆனது. ராணுவம் என்ற பெரிய ஏணியில் அது ஒரு படி மட்டுமே. நாம் அந்த ஒரு படியின் பெயரை எடுத்து ஏணிக்கே வைத்துவிட்டோம்.

இன்னொரு சொல் கும்பினி. வெள்ளைக்காரன் கம்பெனியை நம் முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள். நான் படிப்பது பி.காம். கம்பெனிச் சட்டம், கம்பெனிக் கணக்கு என்று நாள் முழுவதும் கம்பெனியோடுதான் வாழ்கிறேன். ராணுவத்திலும் கம்பெனி உண்டு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் 'கூட' என்பதும் 'ரொட்டி' என்பதும் சேர்ந்த சொல். ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள் என்று பொருள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு பந்தியில் உட்காருகிறவர்கள்! இதைப் படித்ததில் இருந்து ராணுவத்தை எப்படிப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், 2023ல் அக்னிவீரராகச் சேர்ந்து இப்போது மெட்ராஸ் ரெஜிமென்டில் இருக்கிறான். தபாலில் போடக் கொடுத்த விலாசத்தில் எண், பெயர், யூனிட், அதன் கீழே "56 ஏ.பி.ஓ." என்று மட்டும்தான் இருக்கும். ஊர், மாவட்டம் எதுவும் இருக்காது. அது ராணுவத் தபால் நிலையத்தின் எண். பட்டாளம் எங்கே நகர்ந்தாலும் விலாசம் மாறாது. இருக்கும் இடமும் வெளியே தெரியாது. அப்பத்தாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஏன் அப்பு, ஊரே இல்லாம ஒரு விலாசமா? அங்க அவனை யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அடுக்கு முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கீழிருந்து மேலே...

காலாட்படையை எடுத்துக்கொள்வோம். ஆகக் கீழே இருப்பது செக்ஷன். சுமார் 10 பேர். தலைவர் ஒரு ஹவில்தார். ஏன் பத்து? சண்டை நடக்கும் இடத்தில், இத்தனை சத்தத்துக்கு நடுவில், ஒரு மனிதன் குரலாலும் கை சாடையாலும் நடத்தக்கூடியது அவ்வளவு பேரைத்தான்.

மூன்று செக்ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். முப்பதுக்குச் சற்று மேல். மூன்று பிளட்டூன் சேர்ந்தால் ஒரு கம்பெனி. சுமார் 120 பேர். தலைவர் பெரும்பாலும் மேஜர். நான்கு துப்பாக்கிக் கம்பெனிகளோடு பீரங்கி, வண்டி, சமையல், செய்தித் தொடர்பு இதையெல்லாம் கவனிக்கிற ஆட்களையும் சேர்த்தால் பட்டாலியன். சுமார் 800 பேர். தலைவர் கர்னல். இதுதான் நம்முடைய பட்டாளம்!

மூன்று பட்டாலியன் சேர்ந்தால் பிரிகேட், தலைவர் பிரிகேடியர். மூன்று நான்கு பிரிகேட் சேர்ந்தால் டிவிஷன், தலைவர் மேஜர் ஜெனரல். இங்கே பீரங்கிப்படை, பொறியாளர், மருத்துவம் எல்லாம் சேர்ந்து ஆள் எண்ணிக்கை பதினைந்தாயிரத்தை ஒட்டி வந்துவிடும். சில டிவிஷன்கள் சேர்ந்தால் கோர், தலைவர் லெப்டினன்ட் ஜெனரல். 1999 கார்கில் போருக்குப் பிறகு லே நகரத்தைத் தலைமையிடமாக வைத்து உருவாக்கிய 14வது கோர் இதற்கு ஓர் உதாரணம். அதற்கும் மேலே கமாண்ட். இந்தியத் தரைப்படையில் ஆறு போர்க் கமாண்டுகளும் பயிற்சிக்கென ஒன்றும் ஆக ஏழு. தமிழ்நாடு வருவது புனேயில் இருக்கும் தென் கமாண்டின் கீழ்.

அப்பத்தாவிடம் இதை வேறு மாதிரி சொன்னேன். செக்ஷன் ஒரு வீடு, பிளட்டூன் ஒரு தெரு, கம்பெனி ஒரு ஊர், பட்டாலியன் ஒரு ஊராட்சி, பிரிகேட் நம்ம சாக்கோட்டை ஒன்றியம், டிவிஷன் ஒரு மாவட்டம் என்று. கணக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "அப்ப வீட்டுல இருக்க பத்துப் பேருதான் பாத்துக்குவாக" என்றார். ராணுவ நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்.

மூன்றின் ரகசியம்

எங்கே பார்த்தாலும் மூன்று வருவதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிரிவு எதிரியை அந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று பக்கவாட்டில் சுற்றி வரும். மூன்றாவது கையிருப்பாகப் பின்னால் நிற்கும். கையிருப்பு இல்லாத தலைவன், எதிர்பாராதது ஒன்று நடந்தால் வேடிக்கைதான் பார்க்க முடியும். வியாபாரத்தில் கைவசம் ரொக்கம் இல்லாதவன் கதையும் அதுதானே.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. மகாபாரதத்தில் வரும் அக்குரோணிக் கணக்கைப் பாருங்கள். ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம். மூன்று சேனாமுகம் ஒரு குல்மம். பிறகு கணம், வாகினி, பிருதனை, சமூ, அனீகினி என்று ஒவ்வொரு படியிலும் மும்மடங்கு. கடைசியில் பத்து அனீகினி ஓர் அக்குரோணி. கணக்குப் போட்டால் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள் வரும். குருக்ஷேத்திரத்தில் நின்றது கௌரவர் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7, ஆக 18 அக்குரோணி. இது காவியக் கணக்கு, வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சின்ன அலகை மூன்று மூன்றாகப் பெருக்கித்தான் பெரிய படையைக் கட்ட வேண்டும் என்ற யோசனை இந்த மண்ணில் ரொம்பப் பழையது. சோழர் கல்வெட்டில்கூட 'மூன்றுகை மகாசேனை' என்று ஒரு படையின் பெயர் வருகிறது.

எங்கள் மேலாண்மைப் பாடத்தில் இதற்கு 'கட்டுப்பாட்டு வீச்சு' என்று பெயர். ஒரு மேலாளர் நேரடியாக எத்தனை பேரைக் கவனிக்க முடியும் என்ற கேள்வி. பிரிட்டிஷ் தளபதி இயான் ஹாமில்டன் 1920களின் தொடக்கத்திலேயே, ஒரு மனிதனால் மூன்றில் இருந்து ஆறு பேர் வரைதான் சரியாக நடத்த முடியும் என்று எழுதிவிட்டார். மேலாண்மைப் புத்தகங்கள் அவரிடம் இருந்துதான் எடுத்துக்கொண்டன. 'லைன்' 'ஸ்டாஃப்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதுவும் ராணுவத்துச் சொத்துதான். உத்தரவு கொடுக்கிறவன் லைன். திட்டம், சாப்பாடு, ஆள் கணக்கு இவற்றைப் பார்த்து அவனுக்கு உதவுகிறவன் ஸ்டாஃப்.

ரெஜிமென்ட் எங்கே வருகிறது?

இந்த அடுக்கில் மெட்ராஸ் ரெஜிமென்ட் எங்கே என்று கேட்டால் பதில்: எங்கேயும் இல்லை! இந்தியக் காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது சண்டைக்கான படி இல்லை, அது ஒரு குலம் மாதிரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758 என்று சொல்கிறது. இந்தியக் காலாட்படையிலேயே மிகப் பழையது. தாய்வீடு நீலகிரியில் உள்ள வெலிங்டன். சின்னத்தில் யானை. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது போர்முழக்கம். ஆனால் அதன் பட்டாலியன்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதில்லை. ஒன்று ஒரு பிரிகேடின் கீழும், மற்றொன்று வேறொரு மூலையில் வேறொரு பிரிகேடின் கீழும் இருக்கும். சண்டைக்கு பிரிகேட், சொந்தத்துக்கு ரெஜிமென்ட். (பீரங்கிப் படையிலும் டாங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் அளவுள்ள யூனிட். குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நம் ராணுவத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு படி சுபேதார்கள். சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் நிற்கிற ஜே.சி.ஓ.க்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கும் இந்தியச் சிப்பாய்க்கும் பாலமாக அன்று ஏற்படுத்தியதன் தொடர்ச்சி இது. இன்றும் பிளட்டூனை நடத்துவது பெரும்பாலும் இவர்கள்தான். சிப்பாயாகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் அதே பட்டாலியனில் இருந்து மேலே வந்தவர்கள். யாருக்கு எந்த ஊர், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று எல்லாம் தெரிந்தவர்கள்.

ஜெர்மனியில் எப்படி?

ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மன் தரைப்படையை எடுத்துக்கொண்டேன். (நமக்குப் பழைய சொந்தம், 1914ல் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பலால் 'எம்டன்' தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டதே!) அவர்களுடைய இன்றைய ராணுவம் 1955ல் உருவானது. அங்கேயும் அதே ஏணிதான்: குரூப்ப, ட்சூக், கொம்பனி, பட்டாலியோன், பிரிகாட, டிவிசியோன். கொம்பனி என்பதைக் கேட்டால் நம் கும்பினிக்குத் தம்பி மாதிரி இல்லை? பனிப்போர் காலத்தில் மேற்கு ஜெர்மனிக்கு 12 டிவிஷன் இருந்தது. பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கட்டாய ராணுவ சேவையையும் 2011ல் நிறுத்தி வைத்தார்கள். ரஷ்யா 2022ல் உக்ரைன் மேல் படையெடுத்த பிறகு மறுபடி கட்டுகிறார்கள். 2025ல் லித்துவேனியாவில் ஒரு டாங்கி பிரிகேடையே நிரந்தரமாக அமைக்க ஆரம்பித்தார்கள். 2027க்குள் சுமார் 5,000 பேர் அங்கே இருக்க வேண்டும் என்பது திட்டம்.

அவர்கள் பிரிகேடில் கவனிக்க வேண்டியது, டாங்கி, வண்டியில் போகும் காலாட்படை, பீரங்கி, பொறியாளர் எல்லாம் சமாதான காலத்திலேயே ஒரே கூரையின் கீழ் இருப்பது. தனியாகச் சண்டை போடத் தேவையான எல்லாம் பிரிகேடுக்குள்ளேயே உண்டு. நம் ராணுவமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2025 ஜூலை 26 அன்று திராஸில் தளபதி உபேந்திர திவிவேதி 'ருத்ரா' பிரிகேட்களைப் பற்றி அறிவித்தார். காலாட்படை, டாங்கி, பீரங்கி, சிறப்புப் படை, ஆளில்லா விமானம் எல்லாம் சேர்ந்த பிரிகேட். கூடவே 'பைரவ்' என்ற சின்ன கமாண்டோ பட்டாலியன்களும்.

ஆக ஏணியின் மேல்படிகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். டிவிஷனைக் கலைக்கலாம், பிரிகேடைக் கலக்கலாம், புதுப் பெயர் வைக்கலாம். நூறு வருடமாக எல்லா நாட்டுக்காரர்களும் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவ்வளவாக மாறாதது கீழே இருக்கிற அந்தப் பத்துப் பேர் மட்டும்தான்.

பத்துப் பேரின் கணக்கு

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டம் கை வைத்தது இந்தக் கீழ்ப்படியில்தான். நான்கு வருடம் வேலை. அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரை மட்டும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு 2027ல் நான்கு வருடம் முடிகிறது.

பி.காம் படிக்கிறவன் என்பதால் வீட்டில் என்னைக் கணக்குப் போடச் சொன்னார்கள். அறிவித்தபடி மாதச் சம்பளம் முதல் வருடம் 30,000, பிறகு 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம். நான்கு வருடத்தில் 5,02,200 ரூபாய். அரசும் அதே அளவு போடும். ஆக 10,04,400. வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று அரசு சொன்னது. வருமான வரி இல்லை. பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை. இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அது சின்னத் தொகை இல்லை என்றார் பெரியப்பா. அதுவும் உண்மைதான். அரசு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பென்ஷன் செலவு குறையும், படையின் சராசரி வயது 32ல் இருந்து 26 ஆக இறங்கும் என்றார்கள். மலை மேல் ஏறிச் சண்டை போட இளம் கால்கள் வேண்டாமா?

ஆனால் என் கணக்கில் ஒரு வரி இடிக்கிறது. பிளஸ் ஒன்னில் இருந்து 'நற்பெயர்' என்று ஒரு சொத்தைப் பற்றிப் படிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது. பல வருடம் ஒரே இடத்தில் கடை நடத்தினால் தானாகச் சேரும். கடையை விற்கும்போதுதான் அதன் மதிப்பு வெளியே தெரியும். ஒரு செக்ஷனில் சேர்ந்து உண்டு உறங்கிக் குளிரில் நின்றவர்களிடம் சேர்ந்திருப்பதும் அதே மாதிரி சொத்துதான். பத்துப் பேருமே அக்னிவீரர்களாக இருக்க மாட்டார்கள், பழைய ஹவில்தார்கள் கூட இருப்பார்கள். ஆனால் நாளைக்கு ஹவில்தாரும் சுபேதாரும் ஆக வேண்டியவர்கள் இன்றைய பையன்கள்தான். நாலில் மூன்று பேர் கிளம்பிவிட்டால், மிச்சமிருக்கும் ஒருவன் தன் பக்கத்தில் நிற்பவனைத் திரும்பத் திரும்பப் புதிதாகப் பழக வேண்டும். அதற்கான செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குப் புலப்படவில்லை. பென்ஷன் மிச்சத்தை மட்டும் வரவில் எழுதினால் இருப்புநிலைக் குறிப்பு சரியாக வராது.

25 என்ற அந்த எண்ணை உயர்த்த வேண்டும் என்பது என் எண்ணம். எவ்வளவு என்பதை ராணுவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அந்த எண்ணை முடிவு செய்யும்போது டிவிஷன், பிரிகேட் என்று மேலிருந்து கீழே பார்க்காமல், கீழே இருக்கிற பத்துப் பேரில் இருந்து மேலே பார்த்துப் போட வேண்டும். ஒரு பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்ற பொருளில்தான் கம்பெனி என்றே பெயர் வைத்தார்கள். பந்தியில் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டே இருந்தால் பரிமாறுகிறவருக்கும் சிரமம், சாப்பிடுகிறவருக்கும் சிரமம்.