தறிக்குழி மேல் ஒரு கட்டில்

"உடையார்பாளையத்துல இப்ப எங்களுக்கு யாரும் இல்லை."

2018 ஜனவரி 27ஆம் தேதி இரவு, முன்பின் பழக்கமில்லாத நான்கு பேரிடம் இதைச் சொன்னேன். அந்த நேரத்தில் அப்பாவின் அக்கா, என் அத்தை, உடையார்பாளையத்தில் தன் ஓட்டு வீட்டில் விளக்கணைத்துப் படுத்திருப்பார். கேட்டவர்கள் பேச்சுவாக்கில்தான் கேட்டார்கள். இருக்கிறார் என்று சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் இல்லை என்றேன். இத்தனை வருஷமாகியும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா பட்டு நெய்தவர். என் பள்ளிக்கூட நாட்களில் முழுப்பரீட்சை லீவு என்றால் உடையார்பாளையம்தான். திண்ணை தாண்டி உள்ளே போனால் இடது கைப்பக்கம் தறி. குழிக்குள் கால் விட்டு மாமா உட்கார்ந்திருப்பார். மிதி மாறும் சத்தமும் நாடா ஓடும் சத்தமும்தான் காலையில் எங்களை எழுப்பும். அத்தை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கதை சொல்வார். ஊர்க் கோயில் பயறணீஸ்வரர் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேனோ. மிளகு மூட்டையோடு வந்த வியாபாரி சுங்கத்துக்குப் பயந்து "பயறு" என்று பொய் சொன்னான். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் மிளகெல்லாம் பயறாகிக் கிடந்தது. அவன் சாமி முன்னால் விழுந்து அழுத பிறகுதான் பயறு மறுபடி மிளகானது. "பொய் சொன்னா, சொன்னபடியே ஆயிடும்டா" என்று அத்தை முடிப்பார்.

2018 பொங்கலுக்கு அத்தை போன் செய்தார். மாமா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "குடியரசு தினத்துக்கு மூணு நாளு சேந்தாப்ல லீவாமே. பாப்பாவ அழச்சிக்கிட்டு வாடா. ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்க. எல்லாம் வசதியா பண்ணி வச்சிருக்கேன்" என்றார். என்ன வசதி என்று நான் கேட்கவில்லை. "ஆபீஸ்ல வேல இருக்கு அத்தை, லீவு குடுக்க மாட்டாங்க" என்றேன். செட்டிநாட்டில் அறை பதிவு செய்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. இரவுக்கு எட்டாயிரம், இரண்டு இரவு.

கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு ஊர், நூறு வருஷத்து வீடு. அந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிந்தது. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரைக்கல், கன்னத்தை வைத்தால் குளிரும் சுண்ணாம்புச் சுவர். கடல் தாண்டி வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் அவை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததோடு அந்த வரும்படி சரிந்தது. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்து போக, பூட்டிக் கிடந்த வீடுகளில் சில விருந்தினர் இல்லங்கள் ஆயின. தேக்குத் தூணை உருவி விற்றுவிடாமல் அதன் கீழே நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வழி செய்தது நல்ல காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாலை எங்களைப் பக்கத்திலிருந்த ஒரு தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்டாங்கிச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. தறியில் உட்கார வைத்து, நாடாக் கயிற்றைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். நாடா ஓடியதும் சிரித்தாள். நான் படம் எடுத்தேன். அதற்கு முன் அவள் தறியையே பார்த்ததில்லை. நெசவாளி வீட்டில் லீவெல்லாம் கழித்தவனின் மகளுக்கு முதன்முதலாகத் தறியைக் காட்டியது கட்டணம் வாங்கிக்கொண்ட ஒரு விடுதி. அங்கே நின்றபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அன்றிரவுதான் அந்தச் சாப்பாட்டு மேசை. சென்னையிலிருந்து ஒரு தம்பதி, பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி. பழைய வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் நான் எங்கள் ஊரை எடுத்தேன். நன்றாகவே பேசினேன். மராட்டிய அரண்மனையில் பாடிய கனம் கிருஷ்ணையர் பிறகு உடையார்பாளையம் ஜமீனின் வித்துவான் ஆனதைச் சொன்னேன். அவரிடம் சங்கீதம் படித்தவர்தான் உ.வே.சா.வின் தகப்பனார் என்று சொன்னேன். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்த கதையையும் சொன்னேன். 1688 வாக்கில், முகலாயப் படைக்கு அஞ்சி, காஞ்சிக் கோயில்களின் மூர்த்திகளைப் பிணம்போல் மூடி எடுத்துக்கொண்டு உடையார்பாளையத்துக்கு வந்தார்கள். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கேட்டார்கள். பாளையக்காரருக்குப் பெருமாளை விட மனம் வரவில்லை. கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன் பேரில், அவருடைய சீடர் லாலா தோடர்மால் படையோடு வந்து நின்ற பிறகுதான் பெருமாள் புறப்பட்டார். 1710இல் அவரைக் காஞ்சியில் மறுபடி எழுந்தருளச் செய்ததாக அந்தக் கோயிலிலேயே கல்வெட்டு இருக்கிறது. "விருந்தாளியா வந்த சாமியவே திருப்பி அனுப்ப மனசு வராத ஊர் எங்க ஊர்" என்றேன். எல்லோரும் ரசித்தார்கள்.

அரண்மனையைப் பற்றிக் கேட்டார்கள். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன்களின் காலம் முடிந்தது. எங்கள் ஊர் அரண்மனை இடிந்து, செடி முளைத்து, வௌவால் அடைந்து கிடக்கிறது. இப்படி ஒரு விடுதியாக்கினால் பிழைத்துக்கொள்ளும் என்றெல்லாம் யோசனை சொன்னேன்.

அப்போதுதான் சென்னைக்காரர் கேட்டார். "உங்க சொந்தக்காரங்க யாராவது இப்பவும் அங்க இருக்காங்களா?"

எனக்கு வேண்டியிருந்தது அரண்மனையும் சங்கீதமும் பெருமாளும் உள்ள உடையார்பாளையம். அத்தையைச் சொன்னால் வீட்டைச் சொல்ல வேண்டும். வீட்டைச் சொன்னால் தறியைச் சொல்ல வேண்டும். நெசவாளர் சங்கத்தில் கூலி வாங்கி, கடைசி நாட்களில் பார்வை மங்கி, இழை அறுந்தால் கண்டுபிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த மாமாவைச் சொல்ல வேண்டும். தேக்குத் தூணுக்குக் கீழே இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் இல்லை என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மகள், "அத்தப்பாட்டி இருக்காங்கல்ல?" என்றாள். அவள் தட்டில் இன்னொரு பணியாரத்தை எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது திருச்சியிலிருந்து பெரம்பலூர் வழியாகப் போகவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை மகளுக்குக் காட்டலாம் என்று கீழப்பழுவூர் வழியில் திரும்பினேன். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வி.கைகாட்டியைத் தாண்டினோம். செம்மண்ணும் முந்திரித் தோப்பும் தொடங்கின. தை மாசம், முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனைக்கே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

உடையார்பாளையத்துக்குள் நுழையும்போது மணி மூன்றரை. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைத்தெரு, பேருந்து நிற்கும் இடம், கோயிலுக்குத் திரும்பும் தெரு. அத்தை வீடு அங்கிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். "என்னங்க, அத்தைய எட்டிப் பாத்துட்டுப் போயிடலாமா? ஒரு காபி குடிக்கிற நேரம்தானே" என்றாள் மனைவி. ஊருக்குப் போகாமல் இருந்ததற்கெல்லாம் நான் நண்பர்களிடம் சொல்லிவந்த காரணம், "அவங்களுக்கு அங்க பழக்கமில்ல, கொல்லைப்புறத்துல கழிவறை, குழந்தைக்குக் கஷ்டம்" என்பது. அதுவும் பொய். அவள் ஒரு நாளும் மாட்டேன் என்றதில்லை. அவளைச் சாக்காக வைத்துக்கொண்டது நான். "சோழபுரம் கோயிலுக்குப் போறதுக்குள்ள இருட்டிடும்" என்றேன். ஞாயிறு மதியம் கடைகள் பாதி சாத்தியிருந்தன. யாராவது வண்டிக்குள் பார்த்து அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஓட்டினேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து லீவுக்கு லீவு என்னைத் தூக்கி வளர்த்த ஊரை, களவாண்டவன்போலக் கடந்தேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவன் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின் முன் மகளை நிறுத்தி விளக்கினேன். ராஜேந்திர சோழன் கட்டியது, ஆயிரம் வருஷம் ஆகப் போகிறது, யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது என்றெல்லாம். குரல் என் காதுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

நான்காம் நாள் அத்தை போன் செய்தார். "பக்கத்து வீட்டுப் பையன் போன்ல படம் காட்டுனான்டா. பாப்பா தறியில உக்காந்திருக்கு. நாடாவ எவ்ளோ அழகா புடிச்சிருக்கு தெரியுமா? மாமா இருந்திருந்தா குதிச்சிருப்பாரு" என்றார். எங்கே போனீர்கள், எப்போது லீவு கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதோ கோபப்பட்டோ உண்மைக்கு வந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நடந்தது இது: அவர் கேட்காததற்கும் நான் பதில் சொன்னேன். "ஆபீஸ்லயே எல்லாரையும் அழச்சிக்கிட்டுப் போனாங்க அத்தை, மறுக்க முடியல." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதுக்கென்ன. சாப்பாடெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றார்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் ஒரு திட்டம் உண்டு. தங்க இடமும் காலைச் சாப்பாடும் தருகிற வீடுகளைப் பதிவு செய்வார்கள். ஒன்றிலிருந்து ஆறு அறை வரை இருக்கலாம். தங்கம், வெள்ளி என இரண்டு தரம். முக்கியமான விதி, வீட்டுக்காரர் குடும்பம் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது. பிறகொரு நாள் இதைப் படித்தபோது பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். நாங்கள் தங்கிய வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்த வீடு இன்னொன்று எனக்கு இருந்தது.

2022இல் அத்தை வீட்டை விற்றார். தனியாக இருக்க முடியவில்லை. மாமாவின் தங்கை மகன் ஜெயங்கொண்டத்தில் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். என் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் அழைத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சாமான் எடுக்க உதவுவதற்கு மட்டும் முதல் நாள் மாலையே தனியாகப் போனேன்.

தறி இல்லை. தறி இருந்த இடத்தில் ஒரு கட்டில், புது மெத்தை, மேலே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. கட்டிலுக்கு அடியில் சிமென்ட் தரையில் ஒரு நீளக் கட்டம் வேறு நிறத்தில் தெரிந்தது. ஓரத்தில் ஒரு மறைப்புச் சுவர், உள்ளே மேற்கத்திய முறைக் கழிவறை, சுவரில் தாழ்வாக, சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கொக்கி.

"தறிய எப்ப எடுத்தீங்க?"

"நீங்கல்லாம் வர்றதா இருந்துச்சே, ஒரு பொங்கலப்ப. குழிய அப்படியே வுட்டா பாப்பா தெரியாம கால வுட்டுடும்னு மூடிட்டேன். மரத்தக் குடுத்த காசுல இதப் பண்ணுனேன்." கழிவறைக் கதவைத் தட்டிக் காட்டினார். "யாரும் பொழங்கல. புதுசாவே இருக்கு."

பிளாஸ்டிக் உறையை அவரே உரித்துப் போட்டு எனக்குப் படுக்கை விரித்தார். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். எனக்கடியில் மண் போட்டு நிரப்பிய குழி. அந்தக் குழிக்குள் கால் வைத்து மாமா முப்பது வருஷம் மிதித்த மிதி. விடியற்காலை நாலு மணிக்கு அத்தை எழுந்து அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. வெளியே போய், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆபீஸ் இல்லை, அரியலூர்ச் சாலை வழியாக உங்கள் தெருவைத் தாண்டித்தான் போனேன், யாரும் இல்லை என்று சொன்னேன். வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

சாமான்களெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. ஒரு தட்டை மட்டும் வெளியே வைத்திருந்தார். நாலு இட்லி, வேர்க்கடலைச் சட்னி, ஓரத்தில் நெய்யில் வறுத்த முந்திரி. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லா தூக்கம் வந்துச்சாடா?"

"வந்துச்சு அத்தை" என்றேன்.

ஏழு மணிக்கு வேன் வந்தது. முதலில் கட்டிலைத்தான் ஏற்றினார்கள்.