ஆச்சியோடு திருச்செந்தூருக்கு

எங்கள் வீட்டில் எல்லோரும் திருச்செந்தூருக்கு ஒருநாள் போய்வரப் போகிறோம். திட்டம் போடும் வேலையை அப்பா என்னிடம் விட்டுவிட்டார். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17-ம் தேதி பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணித் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. அம்மா சுற்றி வைத்திருந்த பீடியெல்லாம் மிதந்தது. ஆச்சி தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "செந்தூர் முருகா, எம் பிள்ளைகளக் காப்பாத்து, உனக்கு மொட்டை போடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். நாங்கள் பிழைத்துவிட்டோம். நேர்த்திக்கடன் மட்டும் பாக்கி இருக்கிறது. 2025 ஜூலை 7-ல் கும்பாபிஷேகத்துக்குப் போகலாம் என்றேன். "அந்தக் கூட்டத்த ஆச்சி தாங்க மாட்டா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை பழைய நோட்டில் பெரிய பட்டியலே போட்டேன். போகிற வழியில் கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், ஆழ்வார்திருநகரி. அப்புறம் திருச்செந்தூரில் கடல் குளியல், கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணறு, வள்ளி குகை, மேற்குப் பக்கம் நிற்கும் 9 நிலை ராஜகோபுரம், பன்னீர் இலை விபூதி. பஸ்ஸில் போவதாகத்தான் எழுதியிருந்தேன். ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ராத்திரி படுக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, பஸ்ஸுல போனா நடுவுல ஒதுங்க இடம் உண்டுமா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெளியூர் போனால் ஆச்சி சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாள். விரதம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து மயங்கி விழுந்தது எதனால் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இதை யாரிடம் சொல்வது என்று கூச்சப்பட்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் பட்டியலை மாற்றி எழுதினேன். கிருஷ்ணாபுரத்தையும் ஆழ்வார்திருநகரியையும் அடித்துவிட்டேன். பஸ் வேண்டாம், செய்துங்கநல்லூரில் பாசஞ்சர் ரயில் ஏறலாம். ரயிலில் கழிப்பறை இருக்கிறது. அப்பாவுக்கு மனசு இல்லை. அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டதை அவர் மறக்கவில்லை. "அது மார்கழித் தொடக்கத்துல வந்த வெள்ளம்பா, நாம தைப்பூசக் கூட்டமெல்லாம் கழிஞ்ச பிறகு ஒரு சனிக்கிழமை போவோம்" என்றேன். புதுக்குடி ஊர்க்காரர்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்ததையும் ஞாபகப்படுத்தினேன். அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். ஒருநாள் போனால் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். அதனால் முந்தின ரெண்டு நாளும் அம்மா கூடுதலாகச் சுற்றுவாள். சமையல் என் பொறுப்பு.

இப்போது பட்டியலில் மொட்டை, தரிசனம், நாழிக்கிணறு மூன்றுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஆச்சி உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கடல் குளியல் போனதில் தம்பிக்குக் கோபம்தான். காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

ஆச்சி தினமும் கேட்கிறாள், "இன்னும் எத்தன நாளுட்டி இருக்கு?"

தோழர்களே, வயசானவர்களை எங்கே கூட்டிப் போனாலும் எதைப் பார்க்கலாம் என்று யோசிக்கும் முன்னால் அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி