எந்த இடம் பிடித்தது?

எந்தப் படம் பிடிக்கும், எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் உண்டு. அதில் எந்த இடம் பிடித்தது என்று அடுத்துக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. “எல்லாமே சூப்பர்”, “வேற லெவல்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். எழுபதைத் தாண்டியவள் என்ற உரிமையில் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: பிடித்த ஒன்றைப் பார்த்தோ படித்தோ முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறவரை அதனுடனேயே இருங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்தது. கோவில்பட்டியில் மில் வேலைக்குப் போனவர். நூலகத்திலிருந்து நான் எடுத்து வரும் புத்தகத்தைப் படித்து முடித்ததும், “கதை என்ன?” என்று கேட்க மாட்டார். “எந்த இடம்?” என்பார். பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு அவரும் படித்துவிட்டு வேறொரு பக்கத்தைக் காட்டுவார். யார் காட்டியது உயர்த்தி என்ற தீர்ப்பெல்லாம் கிடையாது. 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள்; அந்தக் காசில்தான் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகம் கிடைத்தது. வரி ரசீதில் இருக்கிற மற்ற எதையும்விட அந்த ஒரு வரியின் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

எனக்குப் பிடித்த படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வந்தது. படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசையைத்தான் படத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆபீசுக்குப் போகும் சுதா, அவளுடைய தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா, இவ்வளவுதான் குடும்பம். குடியிருக்கும் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். சென்னையில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், இருக்கிற நிலத்தில் ஒரு பகுதியை விற்று, கடன் வாங்கி, சொந்தமாகக் கட்டத் தொடங்குகிறாள் சுதா. தன் அம்மா வீடு கட்டியபோது பட்ட பாட்டை மனதில் வைத்தே இந்தப் படத்தை எடுத்ததாக பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்த இடம் மங்கம்மா பேசுகிற இடம். சித்தாளாக வேலை பார்க்கும் பெண் அவள். கட்டட வேலையை எடுத்தவன் சிமெண்டைத் திருட்டுத்தனமாக விற்பதை அவள்தான் வெளியே கொண்டுவருகிறாள். அந்தச் சமயத்தில்தான் நானும் என் கணவரும் சென்னைக்கு வெளியே ஒரு சின்ன மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மணல் எத்தனை லோடு, சிமெண்ட் எத்தனை மூட்டை, சென்ட்ரிங் பலகைக்கு எத்தனை நாள் வாடகை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. மங்கம்மா வாயைத் திறந்தபோது, கட்டடம் நடக்கிற இடத்தில் உண்மையெல்லாம் அறிந்தவள் கல் சுமக்கிறவள்தான், அவளிடம் கேட்பதற்குத்தான் ஆளில்லை என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வேலைக்கு வந்த சித்தாள்களிடம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எந்தச் சுவருக்குத் தண்ணீர் போதவில்லை என்பதை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பல வருடம் கழித்து அதே படத்தைத் திரும்பப் பார்த்தேன். இந்த முறை அந்த இடம் மாறியிருந்தது. தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருகிறார். பழைய நாடக மேடைக் கலைஞரான சொக்கலிங்க பாகவதர் அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். பூச்சு வேலை முடியாத சுவர்களுக்கு நடுவே அவர் நடந்து பார்க்கிறார். வசனம் கிடையாது. இயக்குநர் அவரை அவசரப்படுத்தவில்லை. பார்க்கிற நம்மையும் அவசரப்படுத்தவில்லை. பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியிலேயே அவர் இறந்துபோகிறார். எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றபோது என் அப்பாவும் கோவில்பட்டியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து பார்த்தார். கூரையில்லாத அறையில் நின்று, “காத்து எந்தப் பக்கம் வரும்?” என்று கேட்டார். அப்பா இறந்த பிறகு ‘வீடு’ படத்தை மறுபடி பார்த்ததால்தான் தாத்தா நடக்கிற அந்தக் காட்சியின் முழுக் கனமும் எனக்குத் தெரிந்தது. படத்தின் முடிவில், அந்த நிலமே ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். சுதா நீதிமன்ற வாசலுக்குப் போகிறாள். எத்தனையோ பேர் அந்த முடிவைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த நடைதான்.

புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைச் சொல்வேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவல்காரர் அவர். தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. இதைப் படித்து அழாதவர்கள் குறைவு. ஆனால் நான் அப்பாவிடம் காட்டிய பக்கம் கதையின் தொடக்கம். குழந்தைகள் அந்தக் கதவைப் பிடித்துத் தொங்கி, முன்னும் பின்னும் ஆட்டி, டிக்கெட் கொடுத்து வண்டி விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டை அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருப்பதால்தான் கதவு போனபோது நமக்கு வயிறு கலங்குகிறது. மரப்பலகை ஒன்று போனால் யார் அழப்போகிறார்கள்? பிள்ளைகளின் வண்டி போய்விட்டது. அப்பா காட்டிய பக்கம், சாவடியில் கிடந்த கதவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிற இடம். தீர்வை கட்டி, ஜப்தியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். நான் விளையாடிக்கொண்டிருந்த வயது.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் ஒரு வரியில் தாண்டிப் போக மனம் வரவில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பி, அவர் தனக்கென்று வேறொரு கதையை உருவாக்கிக்கொண்டார். 1979இல் வந்தது. ஊரே திரண்டு, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும்போது, உங்களையெல்லாம் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன், நான் செய்ததில் பெரிய பாவம் அதுதான் என்கிற பொருளில் அவன் பேசுகிறான். கெட்டவன் ஒருவனைத் தண்டிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தியாக நின்ற சமயங்களில் அந்தப் பேச்சு என் காலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

தொலைபேசி நிலையத்தில் நான் டிரங்க் கால் என்கிற வெளியூர் அழைப்புகளுக்கு இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். மூன்று நிமிடம் முடியப்போகிறது என்று நாங்கள் குறுக்கே சொன்ன பிறகுதான் பலர் முக்கியமான சேதிக்கே வருவார்கள். மழை, மாடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பேசி முடித்து, கடைசி நொடியில், “அம்மாவுக்கு முடியலை, கிளம்பி வா” என்பார்கள். 1980களில் தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ வந்தபோது அதில் எனக்குப் பிடித்த இடமும் இப்படிப்பட்ட ஒரு கடைசி நொடிதான். சங்கர் நாக் இயக்கி, கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்த தொடர் அது, எல். வைத்தியநாதனின் இசை. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி வராது. ஆனாலும் தலைப்பு இசை கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்காருவோம்.

அதில் வருகிற ‘சுவாமியும் நண்பர்களும்’ கதையை ஆர்.கே. நாராயண் 1935இலேயே நாவலாக வெளியிட்டுவிட்டார். சுவாமியின் நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகிறான். அவன் சுவாமியிடம் பேசாமல் இருந்த காலம் அது. சுவாமி ஒரு புத்தகத்தைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறான். ரயில் நகர்ந்துவிடுகிறது. இன்னொரு நண்பன் மணிதான் புத்தகத்தைப் பிடுங்கி ஓடிப்போய் ராஜம் கையில் சேர்க்கிறான். ராஜம் கடிதம் போடுவானா என்று சுவாமி கேட்க, போடுவான் என்கிறான் மணி. அது நிஜமா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று மணியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயல்கிறான் சுவாமி. தெரியவில்லை. நாராயணும் சொல்லவில்லை. போர்டுக்கு முன்னால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும், “கட்டாயம் வரேன்” என்ற எத்தனையோ குரல்களைக் கேட்டு, அது நிஜமா என்று தெரியாமல் இணைப்பைத் துண்டித்தவள் நான். அந்த இடம் எனக்கு ஏன் பிடித்தது என்று இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பாலு மகேந்திரா சன் டிவிக்காக 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்த ‘கதை நேரம்’ இன்னொரு கொடை. எழுத்தாளரின் பெயரைச் சொல்லிக் கதையைக் காட்டினார். பார்த்துவிட்டு மூலக் கதையைத் தேடிப் போன வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

இப்போது எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டது. அதில் எனக்கு மனக்குறை கிடையாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தமிழர்கள் காசு வாங்காமல் தட்டச்சு செய்து பழைய நூல்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கண் மங்கிய என்னைப் போன்றவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து வருகிற ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ எனக்கு மிகவும் பிடிக்கும். 2021இல் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள். அந்த ஆண்டே கொரோனா நிவாரணத்துக்கு முதலமைச்சரிடம் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். என் இடம், அண்டாவில் மசாலா கொதிப்பது இல்லை. சமையல் முடிந்து, வயதானவர்களை வரிசையாக உட்காரவைத்து இலையில் பரிமாறுகிற கடைசிப் பகுதி. பாதிப் பேர் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள்.

கைபேசியில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள். ‘ஆட்டோபிளே’ என்கிற அந்தப் பொத்தானை அணைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். தாத்தா பாதி வீட்டுக்குள் நடக்கிற நடையை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சினிமாவும் புத்தகமும் மட்டும் இல்லை. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி இறந்தபோது துக்கம் கேட்கப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும், “தங்கமான மனுஷி” என்றார்கள். அவள் மகள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. என் முறை வந்தபோது, இரவுப் பணியில் புதிதாகச் சேர்ந்த பெண் அசந்து தூங்கிவிட்டால் அவள் போர்டையும் சேர்த்து உங்கம்மாதான் பார்த்துக்கொள்வாள், விடிந்ததும் அதை அவளிடம் சொல்லிக்கூடக் காட்ட மாட்டாள் என்று சொன்னேன். அந்தத் தூங்கிய பெண் நான்தான். மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள். மூன்று தடவை சொன்னேன். மனிதர்களையும் நாம் மொத்தமாகத்தான் பாராட்டிவிட்டுப் போகிறோம். மருமகள் நல்லவள், பக்கத்து வீட்டுக்காரர் உதவியானவர் என்று. எந்த இடத்தில் என்று சொன்னால், கேட்கிறவருக்கு அது கையில் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. அப்படிச் சொல்லப் பழகுவதற்கு ஒரு படமோ கதையோ நல்ல இடம். அங்கே தடுமாறினாலும் யார் மனமும் நோகாது.

போன மாதம் என் பேத்தி ‘மெய்யழகன்’ படத்தைப் போட்டுக் காட்டினாள். 2024இல் பிரேம்குமார் எடுத்தது. இருவருக்கும் பிடித்தது. “எந்த இடம் தாயி?” என்றேன். முன்பெல்லாம், “போங்க ஆச்சி” என்பாள். இப்போது யோசிக்கிறாள். அரவிந்த்சாமி ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச்சென்ற சைக்கிள் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றிய கதையைக் கார்த்தி சொல்கிற இடம் என்றாள். நாம் மறந்துபோன ஒன்று இன்னொருவருக்கு எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்க என்றாள். நான் வேறு இடத்தைச் சொன்னேன். இவ்வளவு அன்பைக் கொட்டுகிறவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில், சொல்லிக்கொள்ளாமல் இருட்டில் வீட்டைவிட்டு அரவிந்த்சாமி கிளம்பிப் போய்விடுகிற இடம். “அது தப்பு ஆச்சி, கேட்டிருக்கணும்” என்றாள். கேட்க முடியாது என்றேன். “ஏன் முடியாது?” என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். அன்று ராத்திரி பதினொன்று வரைக்கும் பேசினோம். இன்னும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘கதவு’ கதையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.