எதிராளியின் கார்னர், நமக்கு வாய்ப்பு

இந்த வாரம் பென்ஷன் கதை, ஆபீஸ் கதை எதுவும் இல்லை. கால்பந்து பற்றி எழுதுகிறேன். அதுவும் மைதானத்தில் ஆடுவது அல்ல, டி.வி.யோடு பிளேஸ்டேஷனை இணைத்துப் பொத்தானை அழுத்தி ஆடும் கால்பந்து. "எழுபது வயசுக்கு மேல இது எதுக்கு?" என்பவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குப் பந்து என்றாலே காலால் உதைப்பதுதான். கோல்கீப்பரைப் பிரெஞ்சில் 'கார்தியன்' என்போம், அதாவது காவல்காரர். என் வயதுக்காரர்களுக்குக் காவல்காரர் என்றால் பீட்டர் தங்கராஜ். குன்னூர் பக்கம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடியவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நாம் தங்கம் வாங்கியபோது கோல் கம்பத்தில் நின்றவர் அவரே.

இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடும்போது பக்கத்தில் உட்காருவேன். எதிராளிக்குக் கார்னர் கிடைத்தால் எனக்குப் பதற்றம், அவனுக்கோ உற்சாகம். "பாருங்க தாத்தா, அவங்க உயரமான ஆளெல்லாம் இங்க வந்துட்டாங்க. அங்க யாருமே இல்ல" என்பான்.

அவன் கணக்கு இதுதான். கார்னர் வந்தால் பதினொரு பேரையும் தடுக்க இழுத்துக்கொள்ளக் கூடாது. வேகமாக ஓடும் இருவரை நடுக்கோட்டருகே நிறுத்த வேண்டும். தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு ஆஃப்சைடு கிடையாது. நாம் இருவரை அங்கே நிறுத்தினால் எதிராளியும் மூன்று பேரையாவது பின்னால் வைத்தாக வேண்டும். அந்த அளவுக்கு நம் கோல் முன்னால் கூட்டம் குறையும். கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும் ஓங்கி உதைக்காமல் தனியாக நிற்பவனுக்கு உருட்டிவிட வேண்டும். அவன் ஓட, தடுப்பாளன் நெருங்கும் நேரத்தில் முக்கோணப் பொத்தான். பந்து இடைவெளியில் புகுந்து முன்னால் ஓடுபவன் காலுக்குப் போய்விடும். சீக்கிரம் கொடுத்தாலும் கெட்டது, தாமதித்தாலும் கெட்டது.

இது நிஜ ஆட்டத்தில் நடக்குமா என்று கேட்டேன். யூடியூபில் ஒன்றைக் காட்டினான். 2018 ஜூலை 2, ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் மோதிய உலகக் கோப்பை ஆட்டம். ஜப்பான் 2-0 என்று முன்னிலை பெற்று, பிறகு 2-2 ஆகிவிட்டது. 90 நிமிடம் தாண்டிய கூடுதல் நேரத்தில் ஜப்பானுக்குக் கார்னர். ஹோண்டா அடித்த பந்தைக் குர்ட்வா பிடித்து டி புரூய்னேவிடம் உருட்டினார். அவர் மைதானத்தின் நடுவே ஓடி, வலப்பக்கம் முனியேவுக்குக் கொடுத்தார். (முனியே என்றால் பிரெஞ்சில் மாவு மில்காரர்.) முனியே குறுக்கே அடித்த பந்தை லுக்காகு தொடாமல் விட்டார். பின்னால் ஓடிவந்த ஷாட்லி கோல் போட்டார். 3-2. எல்லாம் சில விநாடிகளில் முடிந்தது. கார்னர் அடித்த அணி மூட்டை கட்டியது. லுக்காகு காலை எடுத்துக்கொண்டதை நான் நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

போன வருஷம் மகனுக்கு ஒரு பெரிய ஜாப் ஒர்க் வந்தது. அவனிடம் இருப்பது பன்னிரண்டு மிஷின். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இன்னும் பத்து மிஷின் போடலாம், காதர்பேட்டை வியாபாரிகளின் சில்லறை வேலையை விட்டுவிடலாம் என்றான். என் ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய வீடு அது. "எல்லாரையும் கார்னருக்கு அனுப்பாதடா. நாலு மிஷின் காதர்பேட்டைக்கு ஓடட்டும், இருக்கிற மிஷினை வெச்சே ஆர்டரைப் பண்ணு" என்றேன். பேரன்தான் சிரித்தான். மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அப்படியே செய்தான்.

டையிங்கிலிருந்து துணி வரவே ஆறு வாரம் தள்ளிப்போனது. கூடுதல் மிஷின் போட்டிருந்தால் வட்டி மட்டும் ஓடியிருக்கும். அந்த ஆறு வாரமும் காதர்பேட்டை வேலையை எல்லா டெய்லர்களுக்கும் பிரித்துக் கொடுத்தான். சனிக்கிழமை சம்பளம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டு பேரைத் தவிர யாரும் வேறு யூனிட்டுக்குப் போகவில்லை. துணி வந்த அன்றே கட்டிங் ஆரம்பித்து விட்டார்கள். பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் பேரனின் ஆட்டம் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் கடன் கோப்புகளைப் புரட்டியவனுக்கு அந்தப் பயம் ஏற்கெனவே உண்டு. அதை மகனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு பாஷை கிடைத்தது, அவ்வளவுதான். பேரன் ஆடும்போது நீங்களும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஜப்பானை வென்ற எட்டாம் நாள், அரையிறுதியில் பெல்ஜியம் பிரான்சிடம் 1-0 என்று தோற்றது. கிரீஸ்மான் அடித்த பந்தை உம்டிட்டி தலையால் முட்டிப் போட்ட அந்த ஒரே கோல், கார்னரில் வந்ததுதான்.