கட்டிவைத்தவர் பொறுப்பு

டார்ம்ஸ்டாட், மே 24

தேனீயும் குளவியும் கொட்டி ஜேர்மனியில் இறப்பவர்கள், அரசுப் புள்ளிவிபரப்படி, ஆண்டுக்குச் சராசரியாக இருபது பேரளவில். எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டில் இது மிகச் சிறிய எண். அவர்களிலும் பெரும்பாலோர் ஒவ்வாமை உள்ளவர்கள். ஒரே கொட்டில் இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுக்குழாய் சுருங்கி, சில நிமிடங்களில் உயிர் போய்விடக்கூடும். அதனாலேயே தேனீயின் ஆபத்து என்றதும் இங்கே பேச்சு முழுவதும் ஒவ்வாமையைப் பற்றியதாகிவிடுகிறது. கூட்டமாக வந்து தாக்கும்போது நடப்பது வேறு. அப்போது ஒவ்வாமை இல்லாத உடலும் நஞ்சின் அளவாலேயே வீழ்கிறது. தேனீ நஞ்சின் உலர் எடையில் பாதியளவு மெலிட்டின். அது செங்குருதிக் கலங்களையும் தசைகளையும் சிதைக்கும். சிதைந்தவை சிறுநீரகத்தில் போய் அடைக்கும். கொட்டு வாங்கியவர் அன்று மாலை எழுந்து நடமாடினாலும் அடுத்த ஓரிரு நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கலாம். உயிராபத்தான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 20 கொட்டு என்று நச்சியலில் மதிப்பிடுகிறார்கள். அறுபது கிலோ மனிதருக்கு அது 1,200 கொட்டு. பதினைந்து கிலோக் குழந்தைக்கு 300. பத்துக் கிலோ நாய்க்கு 200. கோடையில் ஒரு பெட்டியில் நாற்பதாயிரம் தேனீக்கள் இருக்கும் என்பதை நினைத்தால் இருநூறு எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும்.

ஆனால் ஓட முடிந்தவர்கள் இத்தனை கொட்டு வாங்குவது அரிது. வளர்ப்புத் தேனீ தன் கூட்டைச் சுற்றித்தான் போரிடும்; ஓடிப்போய் ஒரு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்தினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். இறப்பவர்கள் யார் என்று பாருங்கள்: சங்கிலியில் கிடந்த நாய், முளையில் கட்டிய ஆடு, வேலிக்குள் நின்ற குதிரை, கட்டிலை விட்டு எழ முடியாத முதியவர். தாக்குதலின் கொடுமையில் பாதி தேனீயுடையது. மறுபாதி தப்பும் வழியை அடைத்து வைத்தவருடையது.

ஜூன் 15

தேனீ ஏன் கூட்டமாகத் தாக்குகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. காவல் தேனீ கொட்டும்போது கொடுக்கின் அடியிலிருந்து அபாய வாசனை ஒன்று வெளிவருகிறது. அதன் முதன்மைப் பொருள் ஐசோபென்டைல் அசிட்டேட்; வாழைப்பழ வாசம். கொடுக்கு முள்ளுள்ளது, தோலில் மாட்டி, நஞ்சுப் பையோடு பிய்ந்து அங்கேயே தங்கி, தசை துடிக்கத் துடிக்க நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நஞ்சில் பெரும்பகுதி முதல் இருபது விநாடிக்குள் உள்ளே போய்விடும். அதனால் எப்படி எடுப்பது என்று யோசிக்காமல் நகத்தாலோ விரலாலோ உடனே எடுப்பதே சரி. அந்த வாசம் பட்ட இடம் அடுத்த தேனீக்குக் குறி. கரிய நிறம், அடர்ந்த மயிர், அசைவு, மூச்சுக்காற்று இவையும் அதை ஈர்க்கும். ஒரு கரிய நாயிடம் இவை நான்கும் இருக்கின்றன. அது வாயைத் திறந்து கவ்வவும் பார்க்கும், நாக்கிலும் தொண்டையிலும் கொட்டு வாங்கும். கட்டிய நாய் துள்ளத் துள்ளக் கொட்டும் கூடும்.

ஆனால் எல்லாப் பெட்டியும் இப்படித் தாக்குவதில்லை. சீற்றம் கணிசமான அளவு பரம்பரைக் குணம். எங்கள் ஹெசன் மாநிலத்தில் கிர்ஹைன் தேனீ நிறுவனத்தார் உட்பட ஜேர்மனிய வளர்ப்பாளர்கள் கார்னிகா என்னும் தேனீ வகையில் பல தலைமுறைகளாகச் சாந்த குணத்துக்கு மதிப்பெண் போட்டு, நல்லதையே தெரிந்தெடுத்து வந்திருக்கிறார்கள். கையுறை இல்லாமல் அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு இங்குள்ள தேனீக்கள் அடங்கியிருப்பது அந்த உழைப்பால்தான். ஆனால் ராணி வானத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண் தேனீக்களோடு கூடும். அவை சுற்றுவட்டாரத்தில் எவருடைய பெட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே ஒருவர் தம் சீறும் பெட்டியை அப்படியே விட்டால் அதன் குணம் அயலவர் பெட்டிகளுக்கும் போகிறது. திருத்துவதோ எளிது. ராணியை மாற்றினால் போதும். கோடைத் தேனீக்கு ஆயுள் ஆறு வாரமளவு. இரண்டு மாதத்துக்குள் பெட்டியில் இருப்பவை எல்லாம் புது ராணியின் பிள்ளைகள்.

ஜூலை 12

லின்டன் மரங்கள் பூத்து ஓய்ந்துவிட்டன. இனி சில வாரம் நகரத் தேனீக்களுக்குத் தேன்வரத்து இல்லை. ஒரு பெட்டியை இன்னொன்று கொள்ளையடிக்கப் பார்க்கும், காவல் கூடும், சீற்றமும் கூடும். முறைப்பாடுகள் வருவதும் இந்த நாட்களில்தான். அப்போது ராணியை மாற்றச் சொன்னால் எழும் முதல் மறுப்பு: தேனீ அழிந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி அச்சமூட்டலாமா? அழிவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட காட்டுத் தேனீ இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. காக்கக் கூட்டம் இல்லாததால் தாக்கவும் போகாதவை. அழிவின் விளிம்பில் நிற்பவை அவற்றுள் பல. பெட்டியில் இருக்கும் தேனீயோ கால்நடை. மாட்டை வளர்ப்பவருக்கு உள்ள கடமை அதை வளர்ப்பவருக்கும் உண்டு. விலங்கால் விளையும் கேட்டுக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்கிறது ஜேர்மனியக் குடியியல் சட்டத்தின் 833ஆம் பிரிவு.

இரண்டாவது மறுப்பு கனமானது: சீற்றத்தைக் களைந்தால் தேனீ வலுவிழக்காதா? இதற்கு அட்லாந்திக்கின் அப்புறத்தில் பதில் இருக்கிறது. 1956இல் மரபியலாளர் வார்விக் கெர் ஆபிரிக்கத் தேனீ ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ரியோ கிளாரோ அருகே 26 கூட்டங்கள் தப்பின. உள்ளூர்த் தேனீக்களோடு கலந்த அவற்றின் வழித்தோன்றல்கள் 1990இல் டெக்சாஸை எட்டின. வழியெல்லாம் மனிதரையும் மாடுகளையும் நாய்களையும் கொன்றன. அதே கலப்பினம் 1994இல் புவேர்ட்டோ ரிக்கோவிலும் காலூன்றியது. அங்கே ஒன்றிரண்டு பத்தாண்டுக்குள் அது சாந்தமாகிவிட்டது. ஆபிரிக்க மரபின் உரம் மட்டும் குறையவில்லை. நெருக்கமாக மக்கள் வாழும் தீவில் சீறும் கூடுகளையே ஆட்கள் தேடி அகற்றியது இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வலிமையும் சீற்றமும் பிரியக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

நோய்க்கட்டுப்பாட்டுச் சட்டப்படி இங்கே தேனீ வளர்ப்பவர் எல்லோரும் உரிய அலுவலகத்தில் பதிய வேண்டும். பெட்டி எங்கே இருக்கிறது, எத்தனை என்று கேட்கிறார்கள். முறைப்பாடு வந்த பெட்டிக்கு, இத்தனை நாளுக்குள் ராணியை மாற்று என்று பணிக்கும் வழக்கமும் அதோடு சேர வேண்டும்.

ஓகஸ்ட் 9

இதெல்லாம் வளர்ப்புத் தேனீக்குச் சரி, காட்டில் கூட்டமாக வாழும் தேனீயை யார் அடக்குவது என்று கேட்பார்கள். இலங்கை மலையகத்தை நினைத்தே இதை எழுதுகிறேன். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை: ஊர்ப்பெயர் மாறும், செய்தி மாறாது; குளவிக்கொட்டுக்கு இலக்காகிப் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில். செய்தியில் குளவி என்று வந்தாலும் பல வேளைகளில் தாக்கியது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையில், பாறையில், ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒற்றை அடையாகத் தொங்கும் அதன் கூட்டை மறைக்கப் பெட்டியும் இல்லை, பொந்தும் இல்லை; மேலே பல்லாயிரம் தேனீக்கள் போர்வையாகப் படிந்திருக்கும். தேன்பருந்து கொத்தினாலோ காற்றில் கிளை முறிந்தாலோ கலைந்து, நூற்றுக்கணக்கான மீற்றர் துரத்தும்.

கீழே கொழுந்து பறிப்பவளைப் பாருங்கள். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடை, இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு நிரை, வழுக்கும் சரிவு. நாளுக்குரிய கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்பதால் மரத்தை நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இல்லை. கட்டிய ஆட்டின் நிலைக்கும் இவள் நிலைக்கும் தொலைவு அதிகம் இல்லை. தேனீயைத் தோட்டத் துரை ஏவவில்லை என்பது உண்மை. ஆனால் மலைத்தேனீ ஆண்டுதோறும் அதே மரத்துக்குத் திரும்பி வரும் இயல்புடையது. கூடு எங்கே தொங்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இடத்துக்கு ஆட்களை அனுப்புவது நிர்வாகத்தின் முடிவு. அதற்காகக் கூட்டை எரிக்கச் சொல்லவில்லை; அந்தக் காடுகளில் மகரந்தச் சேர்க்கைக்கு மலைத்தேனீ உதவுகிறது. கூடு இருக்கும்வரை அந்த நிரையை விட்டுவிடலாம். காலையில் கங்காணி மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆள் இறக்கலாம். அவசியமானால் இரவில், பழகிய தேனெடுப்போரைக் கொண்டு புகைபோட்டு அகற்றலாம். புகை அபாய வாசனையை மூடிவிடும் என்பதால் சீற்றம் தணியும்.

சிகிரியாவில் சிங்கப் பாதத் தளத்தில், தேனீ கலைந்தால் பயணிகள் ஓடி ஒளிய ஒரு கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகையும் உண்டு. அதே நாட்டில் தேயிலை மலையில், நாள் முழுக்கக் கூட்டின் கீழே நிற்பவருக்கு ஒதுங்க ஓர் இடம் பெரும்பாலும் இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு நான்கு பக்கமும் வலை அடித்துக் கதவு வைப்பது தோட்டத்துத் தச்சர் ஒரு நாளில் முடிக்கும் வேலை. நாட்சம்பளம் பேசப்போகும் தொழிற்சங்கங்கள் இதையும் கோரிக்கையில் எழுத வேண்டும்: வலைக் கொட்டகை, காலைப் பார்வை, கூடுள்ள நிரைக்கு விலக்கு, தேனீ கலைந்து வேலை நின்ற நாளுக்கு முழுப்பேர்.